முழங்கால் மூட்டு மாற்றிய பின்: வலியைக் குறைத்துக் காலை மீட்கும் வழி, படிப்படியாக

ஆபரேஷன் தேதி கிடைத்தவர்களுக்கும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோ கொடுப்பது என் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். வலி மாத்திரையை நிம்மதியாகப் படுத்திருப்பதற்கென்று நினைக்கிறார்கள். அது காலை அசைப்பதற்கு. மாத்திரை, கொஞ்சம் காத்திருப்பு, பயிற்சி, ஐஸ், காலை உயர்த்துதல் என்ற வரிசை பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் சர்ஜன் இதற்கு மாறாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள். உங்கள் எலும்பையும் தையலையும் பார்த்தவர் அவர்தான்.

1. ஆபரேஷனுக்கு முன்பே முடிக்க வேண்டியவை

முதலில் சர்க்கரை. நம் வீடுகளில் சர்க்கரை வியாதி இல்லாத முழங்கால் நோயாளியைப் பார்ப்பது அபூர்வம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.5 அல்லது 8க்கு மேல் இருந்தால் பல சர்ஜன்கள் தேதியைத் தள்ளிவைப்பார்கள். சர்க்கரை கூடினால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமி தொற்றும் வாய்ப்பும் கூடும். செயற்கை மூட்டில் கிருமி ஒட்டிக்கொண்டால் மறுபடி திறக்க வேண்டி வரலாம்.

அடுத்தது பல்லும் பாதமும். சொத்தைப் பல், ஈறு வீக்கம், விரலிடுக்குச் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. இரத்தத்தில் ஏறும் கிருமி புது மூட்டில் போய்த் தங்கும்.

தொடையின் முன்தசையை இப்போதே பலப்படுத்துங்கள். காலை நீட்டி, முழங்காலைப் படுக்கையோடு அழுத்தி, ஐந்து வினாடி பிடித்து விடுவது. பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அரசு ஆஸ்பத்திரிப் பட்டியலில் நீண்ட காலம் காத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் இந்தத் தசை தூங்கிப்போய்விடும். முன்பே வலுவாக இருந்த தசையை எழுப்புவது எளிது.

வீட்டை ஒரு முறை வாக்கரோடு நடந்து பாருங்கள். தரைவிரிப்புகள், தொங்கும் ஒயர்கள் எல்லாம் போகட்டும். மாடியில் படுப்பவருக்கு முதல் சில வாரத்துக்குக் கீழேயே கட்டில் போடுங்கள். கைப்பிடியுள்ள, உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடத் தாழாத நாற்காலி ஒன்று வேண்டும். அமுங்கும் சோபா கூடாது. கழிப்பறைக்கு உயர்த்தும் சீட். குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாது, அதனால் ஷவருக்கு அடியில் வழுக்காத பிளாஸ்டிக் நாற்காலி. சாட்ஸ்வர்த்தில் பல வீடுகளுக்குச் சாலையிலிருந்து வாசலுக்கே படி. அங்கே ஒரு பக்கமாவது பிடிக்கக் கம்பி இருக்கிறதா பாருங்கள்.

மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) இருப்பவர்கள், வீடு திரும்பிய பின் எத்தனை பிசியோ அமர்வுக்கு அனுமதி உண்டு என்பதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆபரேஷனுக்குக் கிடைத்த அனுமதியிலேயே அதுவும் அடங்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தேதியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை நல்லது என்பேன். டர்பன் வெயிலில் டிசம்பர், ஜனவரியில் வீங்கிய காலோடு கிடப்பது தனி அவஸ்தை. தைப்பூசக் காவடிக்கு ஒரு மாதம் முன்பு ஆபரேஷனை வைத்துக்கொண்டு, கோயிலில் மணிக்கணக்கில் நிற்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

2. முதல் நாளின் ஏமாற்று

ஆபரேஷன் முடிந்த சில மணி நேரம் பலருக்கு வலியே இருக்காது. நரம்பைச் சுற்றிப் போட்ட மரப்பு ஊசியும், மூட்டுக்குள் போட்ட மருந்தும் வேலை செய்வதால் அப்படி. “இவ்வளவுதானா?” என்று போனில் எல்லோரிடமும் சொல்வார்கள். பெரும்பாலும் அன்றிரவோ மறுநாளோ மரப்பு விலகும். அப்போது வலி மொத்தமாக வந்து இறங்கும்.

அதனால் மரப்பு இருக்கும்போதே நர்ஸ் தரும் மாத்திரையை மறுக்காதீர்கள். “வலிக்கலியே, அப்புறம் போட்டுக்கறேன்” என்று திருப்பி அனுப்பும் ஆன்ட்டிகள்தான் இரவு இரண்டு மணிக்கு அழுகிறார்கள். ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்து வேண்டும். ஏறாமல் பிடித்து வைக்கக் குறைவாகவே போதும்.

அதே நாளிலோ மறுநாளிலோ எழுப்பி நடக்க வைப்பார்கள். கொடுமை என்று குடும்பத்தார் சண்டைக்குப் போக வேண்டாம். கெண்டைக்காலில் இரத்தம் உறையாமல் இருப்பதற்கும் நுரையீரல் விரிவதற்கும் அந்த நாலு அடி தேவை. படுக்கையில் இருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும் அதற்குத்தான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்து, இருபது முறை.

3. மாத்திரைகள்: நேரம் பார்த்து, கலக்காமல்

முதல் இரண்டு வாரத்துக்கு வலி வந்தபின் மாத்திரை என்ற கணக்கு வேண்டாம். கடிகாரம் பார்த்துப் போடுங்கள். ஒரு தாளில் நேரத்தையும் மாத்திரைப் பெயரையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். வீட்டில் மூன்று பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் இந்தத் தாள் இல்லாமல் முடியாது. காலையில் மருமகள் கொடுத்ததை மகள் மறுபடி கொடுத்துவிடுவாள்.

அடிப்படை மருந்து பாராசிட்டமால், நம் ஊரில் பனாடோ. 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணிக்கு ஒரு முறை. 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பனாடோ போதவில்லை என்று அலமாரியிலிருக்கும் மைப்ரொடால் எடுப்பார்கள். அதற்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது. கூடவே இபுப்ரோஃபெனும் கோடீனும். இன்னும் சிலர், குறிப்பாக வயதான அங்கிள்கள், பழக்கத்தில் ஒரு கிராண்ட்பா பவுடரைப் பிரித்து வாயில் கொட்டிக்கொள்வார்கள். அதில் ஆஸ்பிரின் உண்டு, பாராசிட்டமாலும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க டாக்டர் கொடுத்த மருந்தோடு அது சேர்ந்தால் காயத்திலிருந்தும் வயிற்றிலிருந்தும் இரத்தம் கசியலாம். ஆபரேஷனுக்கு முன்பே இவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். என் அனுபவத்தில் ஒளித்து வைப்பது போதாது, கண்டுபிடித்துவிடுவார்கள்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மருந்துகள் வலியையும் வீக்கத்தையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் பிரஷருக்கு மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு, இவையும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. எழுதிக் கொடுத்தால் மட்டுமே, உணவுக்குப் பின்.

டிரமடால், கோடீன் போன்ற வலுவான மருந்து முதல் சில நாளுக்கும், பயிற்சிக்கு முன்பும் உதவும். தலை சுற்றும், மலம் இறுகும். அது தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்கட்டும். நாலு நாள் போகாமல் இருந்தபின் பப்பாளி கொடுத்துப் பயனில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் டிரமடால் தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் சில சமயம் ஒத்துப்போகாது.

குறைக்கும்போது வலுவானதை முதலில் விடுங்கள், பாராசிட்டமாலைக் கடைசியில். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஊசியோ மாத்திரையோ வலிக்கானது இல்லை. “வலி போயிடுச்சு” என்று அதை நிறுத்தக் கூடாது. சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு 35 நாள் வரை தருவார்கள். சொன்ன நாள்வரை முழுதாக எடுங்கள்.

4. ஐஸும் காலை உயர்த்துவதும்

வீக்கம் குறைந்தால் வலி குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். முழங்காலுக்குள் நீர் கட்டினால் தொடைத் தசை தானாக அணைந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஊன்றும்போது கால் மடங்கி விழப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் ஐஸ் வைப்பதும் பயிற்சியில் சேர்ந்ததே.

ஐஸை மெல்லிய துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்பும். தோலில் நேரடியாக வைக்காதீர்கள். தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்திருக்கும், சுட்டாலும் குளிர்ந்தாலும் தெரியாது. விலையுயர்ந்த கருவி தேவையில்லை, உறைந்த பட்டாணிப் பாக்கெட் முழங்காலில் நன்றாகப் படியும். 2023 போல லோட் ஷெடிங் இப்போது இல்லையென்றாலும் மின்சாரம் போகும் பகுதிகள் உண்டு. கூலர் பெட்டியில் இரண்டு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

உயர்த்துவது என்றால் பாதம் நெஞ்சைவிட மேலே. முன்னால் ஒரு ஸ்டூலில் காலை வைப்பது அதில் சேராது. படுத்து, கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் தலையணை அடுக்குங்கள். முழங்காலுக்கு நேர் அடியில் ஒன்றும் கூடாது. ஏன் என்பது அடுத்த படியில்.

காலில் வீக்கம் ஏற்றுவதில் நம் ஆட்களுக்கு ஈடில்லை. பார்க்க வருகிறவர்களைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வடை, பிரியாணியோடு காலையிலிருந்து வரிசையாக வருவார்கள். நோயாளி மரியாதைக்கு நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். மாலையில் முழங்கால் பூசணிக்காய். வந்தவர்கள் படுக்கை அருகே உட்காரட்டும், கால் மேலே இருக்கட்டும். தொடர்ந்து உட்காருவது அரை மணிக்கு மேல் வேண்டாம்.

சூடான ஒத்தடமும் எண்ணெய் தேய்ப்பதும் முதல் வாரங்களில் கூடாது. சூடு வீக்கத்தைக் கூட்டும். கெண்டைக்காலை அமுக்கித் தேய்ப்பது, உள்ளே இரத்தக் கட்டி இருந்தால், அதை நகர்த்திவிடலாம்.

5. மடக்குவதற்கு முன் நீட்டுதல்

எல்லோரும் என்னிடம் கேட்பது, “எவ்வளவு மடங்குது?” நீட்ட முடிகிறதா என்று கேட்பவர் யாருமில்லை. நான் போனதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வீங்கிய முழங்காலுக்கு ஏறக்குறைய 30 டிகிரி மடங்கிய நிலையில் இருப்பதுதான் சுகம். உள்ளே இருக்கும் நீருக்கு அங்கே அதிக இடம் கிடைக்கிறது. அதனால் நோயாளி தெரியாமலே அப்படி வைத்துக்கொள்வார். அன்போடு யாராவது முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். சில வாரத்தில் பின்பக்கத் திசுக்கள் அதே நிலையில் சுருங்கி இறுகும். பிறகு அந்தக் கால் முழுதாக நீளாது, ஒரு கால் குட்டையானது போல நொண்டுவார், தொடை ஓயாமல் வேலை செய்து களைக்கும், இடுப்பு வலிக்கும்.

செய்ய வேண்டியது: மல்லாந்து படுத்து, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு மட்டும் அடியில் வையுங்கள். முழங்காலுக்குக் கீழே வெற்றிடம். அப்படியே 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு மூன்று நாலு முறை. பின்பக்கம் இழுக்கும், அதுதான் வேண்டும். நடுவில் முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து வினாடி பிடியுங்கள்.

6. மடக்குதல்

வலி மாத்திரை எடுத்து 30 முதல் 45 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். மருந்து உச்சத்தில் இருக்கும்போது மடக்கினால் கூடுதலாகப் போகும், தசை பயந்து எதிர்க்காது.

கட்டிலில் குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்து, வழுக்கிக்கொண்டே குதிகாலைப் பின்பக்கம் இழுங்கள். முடிந்த இடத்தில் ஐந்து வினாடி. பத்து முறை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காலைக் குறுக்கே வைத்து, ஆபரேஷன் காலை மெல்லப் பின்னால் தள்ளுங்கள். அங்கே பிடித்து, இடுப்பைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் இன்னும் சில டிகிரி கிடைக்கும்.

இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 90 டிகிரி, ஆறு வாரத்தில் 110 அளவு என்பது பெரும்பாலோருக்கு வைக்கும் இலக்கு. சமதரையில் நடக்க 70 போதும். படி இறங்க 90 வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ அதற்கும் மேல். டிகிரி அளக்கும் கருவி இல்லாவிட்டால், வாரம் ஒரு முறை பக்கவாட்டில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். நாளுக்கு நாள் பார்த்தால் மனம் சோரும், சில நாள் வீக்கத்தால் குறையவும் செய்யும்.

எவ்வளவு வலிக்கலாம்? பயிற்சியின்போது இழுப்பும் எரிச்சலும் சரி. ஐஸ் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வர வேண்டும். மறுநாள் காலையிலும் வீக்கம் கூடி, மடக்கம் குறைந்திருந்தால் முந்தைய நாள் மிஞ்சிவிட்டீர்கள். பாதியாகக் குறைத்துத் தொடருங்கள், நிறுத்தாதீர்கள். பேரன் வந்து காலைப் பிடித்து அழுத்தி மடக்குவது மட்டும் எந்த நாளும் வேண்டாம்.

தொடர்ந்து முயன்றும் 90 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் ஆறு வாரச் செக்கப் வரை காத்திராமல் சர்ஜனுக்குச் சொல்லுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழி உண்டு. அது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும்.

7. நடையும் படியும்

முதலில் வாக்கர், பிறகு ஊன்றுகோல். கோலை எந்தக் கையில் பிடிப்பது? ஆபரேஷன் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பதுதான் எல்லோர் கைக்கும் வருகிறது. அப்படிப் பிடித்தால் உடல் எடை முழுவதும் அந்தக் காலிலேயே சாயும்.

குதிகாலை முதலில் ஊன்றி விரல்நுனியில் தள்ளுங்கள். காலைக் கட்டைபோல வீசி நடக்காதீர்கள். அடிக்கடி, கொஞ்ச தூரம் நடப்பதே மேல். ஒரே மூச்சில் கடைவரை போய்வந்தால் மறுநாள் படுக்கைதான்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், கோலும் அதோடு. உடலைத் தூக்குவதும் மெல்ல இறக்குவதும் கடினமான வேலை, இரண்டு முறையும் அது நல்ல காலுக்குப் போகிறது.

காரில் முன்சீட்டை முழுதாகப் பின்னே தள்ளி, சீட்டின்மேல் பிளாஸ்டிக் பை விரித்து, முதலில் உட்காருங்கள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். மினிபஸ் டாக்சியில் ஏறுவது முதல் ஆறு வாரத்துக்கு வேண்டாம்.

8. இரவு

இரண்டாம் வாரத்திலிருந்து பலர் சொல்வது, “பகல்ல பரவாயில்லை, ராத்திரிதான் தாங்கல.” அது எதிர்பார்க்க வேண்டியதே, ஆறு வாரம்வரைகூட நீளும். நாளின் கடைசி மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள். படுப்பதற்கு அரை மணி முன் ஐஸ். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை. விழிப்பு வந்தால் புரண்டுகொண்டு கிடக்காமல் பாதத்தை அசைத்து, எழுந்து கழிப்பறைவரை நடந்து வாருங்கள். இறுகிய மூட்டு அதிலேயே தளரும். வழியில் விளக்கு எரியட்டும்.

9. காயமும் சாப்பாடும்

கிளிப் அல்லது தையலை 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதுவரை கட்டு நனையக் கூடாது. மஞ்சள், திருநீறு, வேப்பிலை அரைத்தது எதுவும் காயத்தின்மேல் வேண்டாம். நெற்றிக்குப் போதும். தொட்டிக் குளியலும் கடலும் காயம் முழுதாக மூடி, டாக்டர் சரி என்ற பிறகே.

புரதம் வேண்டும்: பருப்பு, சுகர் பீன்ஸ், முட்டை, டின் மீன் குழம்பு. புரட்டாசி விரதத்தில் ஆபரேஷன் வந்தால் பருப்பையும் சோயாவையும் தயிரையும் இரட்டிப்பாக்குங்கள். வேளை தவறி பட்டினி இருந்து சர்க்கரை மாத்திரையும் வலி மாத்திரையும் போடுவது ஆபத்து.

10. காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டியவை

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம்: உடனே ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது செல்போனிலிருந்து 112. இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் புதிதாக வீங்கி, இறுகி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல், காயத்திலிருந்து நீரோ சீழோ, பரவும் சிவப்பு, பாதத்தை மேலே தூக்க முடியாமை, கீழே விழுந்தபின் காலை நீட்ட முடியாமை, இவற்றுக்கும் அப்படியே. தொற்று என்று சந்தேகித்தால் பழைய ஆன்டிபயாடிக் மிச்சத்தை நீங்களாகப் போடாதீர்கள். உள்ளே எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. தொடை, கெண்டைக்கால்வரை இறங்கும் கருநீலம், மாதக்கணக்கில் நீடிக்கும் இளஞ்சூடு, நடக்கும்போது கேட்கும் க்ளிக் சத்தம், தழும்பருகே மரப்பு. வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம்கூட ஆகலாம்.

11. பழைய வேலைகளுக்குத் திரும்புதல்

கார் ஓட்ட வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம். பிரேக்கை வலியில்லாமல் சட்டென்று அழுத்த முடிய வேண்டும், டிரமடால் போன்றவற்றை நிறுத்தியிருக்க வேண்டும். இடது முழங்காலாக இருந்து, ஆட்டோமேட்டிக் காராகவும் இருந்தால் கொஞ்சம் முன்பே டாக்டர் விடக்கூடும்.

கோயிலில் சம்மணமிட்டு உட்காருவதும், தரையிலமர்ந்து சமைப்பதும் இனி வேண்டாம். ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள், ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் அதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள். மண்டியிட்டால் மூட்டு கெட்டுவிடாது, ஆனால் பலருக்கு அது ஒவ்வாமலே இருக்கும். சர்ஜனிடம் கேட்டு, முதலில் மெத்தைமேல் முயன்று பாருங்கள். பல் பிடுங்கப் போகும்போது செயற்கை மூட்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். முன்னதாக ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று பல் டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவெடுப்பார்கள்.